பாதி முடிந்த சர்வைவல் கேமை இப்போதே வாங்கலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு சந்தேகங்கள் பின்னிக் கிடக்கின்றன. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து விளையாட ஒரு சர்வைவல் கேமைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் அது இன்னும் எர்லி ஆக்சஸ் நிலையில், அதாவது உருவாக்கி முடிக்கும் முன்பே விற்பனையில், இருக்கிறது. மரம் வெட்டுவது, கல் உடைப்பது, குடிசை கட்டுவது, இரவில் வரும் ஜாம்பிகளை விரட்டுவது என எல்லாமே ஏற்கெனவே விளையாடிய ஒன்றின் நகலாகத் தெரிகிறது. “முடிக்காமல் ஓடிவிட்டால் பணம் போய்விடுமே, அதுவும் ஒரு காப்பிக்காகவா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேம் முடியுமா என்பது ஒரு சந்தேகம், அது நகலா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதால்தான் முடிவு எடுக்க முடியவில்லை. நகல் என்பதற்காக நீங்கள் இவ்வளவு தயங்க வேண்டியதில்லை. முடிப்பார்களா என்பதை வெளியிலிருந்து யாராலும் கணிக்க முடியாது. ஆனால் முடிக்காவிட்டாலும் உங்கள் பணம் வீணாகுமா என்பதை வாங்கிய அன்றே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். நான் பல ஆண்டுகளாக கேம் சோதனைப் பணியில் இருப்பவன். வெளிவராத கேம்களை உடைத்துப் பார்த்து, எங்கே உடைந்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் நகல் விஷயம். சர்வைவல் என்கிற வகையே ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்துதான் வளர்ந்தது. 2012-இல் ‘ஆர்மா 2’ என்ற ராணுவ கேமின் மேல் டீன் ஹால் உருவாக்கிய மோட்தான், அதாவது ஏற்கெனவே உள்ள கேமை மாற்றியமைத்த வடிவம்தான், ‘டே-இசட்’. அதன் தாக்கத்தில் வந்தது ‘ரஸ்ட்’. 2013 டிசம்பரில் எர்லி ஆக்சஸுக்கு வந்தபோது ரஸ்டிலும் ஜாம்பிகள் இருந்தன. அடுத்த ஆண்டு ஜாம்பிகளை நீக்கினார்கள்; பிறகு கேமையே அடியிலிருந்து புதிதாக எழுதினார்கள். இன்று ரஸ்டை யாரும் நகல் என்று சொல்வதில்லை. இன்னொரு கிளையைப் பாருங்கள். டே-இசட் மோடின் மேல் பிரெண்டன் கிரீன், கடைசியாக மிஞ்சுபவரே வெல்லும் ஒரு பேட்டில் ராயல் மோட் எழுதினார். அந்த யோசனை ‘எச்1இசட்1’ கேமுக்குப் போனது, அங்கிருந்து 2017-இல் ‘பப்ஜி’ ஆனது. நம் ஊர் ஹாஸ்டல் அறைகளில் விடிய விடிய ஓடிய பப்ஜிக்கு இப்படி ஒரு சர்வைவல் பூர்வீகம் உண்டு. மைன்கிராஃப்டுக்கும் முன்னோடியாக 2009-இல் ‘இன்ஃபினிமைனர்’ என்ற கேம் இருந்தது. பசி, தாகம், கோடரி, அடுப்பு ஆகியவை இந்த வகையின் பொதுச் சொத்து. அவை இருப்பதால் மட்டும் ஒரு கேமைத் தள்ளிவிடக் கூடாது. கடையில் விற்கும் ஆயத்தப் பொருட்களை, அதாவது மரம், வீடு, துப்பாக்கி போன்ற மாதிரிகளை வாங்கிப் பயன்படுத்துவதும் குற்றமில்லை. பப்ஜியும் அதைச் செய்தது. சிறு குழுவுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி.

நீங்கள் கவனிக்க வேண்டியது, எடுத்துக்கொண்டதோடு சொந்தமாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்பதைத்தான். ‘சப்நாட்டிகா’வில் இருப்பது அதே பசி, அதே தாகம், அதே பொருள் சேகரிப்பு. ஆனால் எல்லாம் கடலுக்கடியில் நடக்கிறது. மூச்சுக்காற்று தீர்வதற்குள் மேலே வர வேண்டும் என்ற ஒரே விதி, வழக்கமான வேலைகள் ஒவ்வொன்றையும் வேறாக்கிவிடுகிறது. ஒரு கல்லை எடுக்கக் குனிவதுகூடக் கணக்குப் போட்டுச் செய்யும் காரியமாகிறது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கேமில் அப்படி ஒரு விதி இருந்தால் அதை ஒரே வாக்கியத்தில் நண்பருக்குச் சொல்லிவிட முடியும். சொல்ல வரவில்லையென்றால், அது செய்வதை இன்னும் நன்றாகச் செய்யும் முடிந்த கேம் ஒன்று குறைந்த விலையில் கிடைக்கும். அதை வாங்குங்கள்.

நகல் உண்மையில் ஆபத்தாகும் இடங்கள் இரண்டு. ஒன்று சட்டம். 2024 ஜனவரியில் வந்த ‘பால்வேர்ல்ட்’, போகிமானைப் போல இருக்கிறது என்று உலகமே பேசிக்கொண்டிருக்க, 6 நாட்களுக்குள் 80 லட்சம் பிரதிகள் விற்றது. செப்டம்பரில் நின்டெண்டோவும் போகிமான் நிறுவனமும் டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. உருவ ஒற்றுமையைத்தான் பிடிப்பார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். தொடுக்கப்பட்டதோ காப்புரிமை வழக்கு. அதன் விளைவாக, பால்வேர்ல்டை உருவாக்கியவர்கள், உருண்டையை எறிந்து ‘பால்’ எனப்படும் உயிரினத்தை வெளியே அழைக்கும் முறையை நீக்கினார்கள், பறக்கும் முறையை மாற்றினார்கள். வாங்கியவர்களிடமிருந்து கேம் பறிபோகவில்லை, ஆனால் வாங்கிய அன்று இருந்த சில அம்சங்கள் இப்போது இல்லை. நான் வழக்கறிஞன் இல்லை. எந்த நகல் வழக்கில் சிக்கும், எது தப்பும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மிகப் பெரிய நிறுவனத்தின் மிகப் பிரபலமான ஒன்றை நெருங்கிப் போகும் கேமில் இந்த அபாயம் கூடுதல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரிது. கேமை நகலெடுக்காமல் அதன் டிரெய்லரை மட்டும் நகலெடுப்பவர்கள் இருக்கிறார்கள். ‘தி டே பிஃபோர்’ கதை அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2021-இல் அறிவித்தார்கள். பெரும் திறந்த உலகம், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து விளையாடும் ஆன்லைன் சர்வைவல் என்று காட்டினார்கள். ஸ்டீம் விருப்பப் பட்டியல்களின் உச்சிக்கே அது போனது. பலமுறை தள்ளிப்போய், 2023 டிசம்பர் 7 அன்று 40 டாலர் விலையில் எர்லி ஆக்சஸாக வந்தது. உள்ளே போனால் காட்டியதற்கும் இருந்ததற்கும் சம்பந்தமில்லை. நான்கே நாட்களில், டிசம்பர் 11 அன்று, நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார்கள். 2024 ஜனவரி 22 அன்று சர்வர்களும் நின்றன. எத்தனை மணி நேரம் விளையாடியிருந்தாலும் பணம் திருப்பித் தரப்பட்டது. வாங்கியவர்களுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். அவ்வளவு பேர் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்களே தவிர, சாதாரண விளையாட்டாளர் ஒருவர் வெட்டாமல் ஒட்டாமல் ஒரு மணி நேரம் விளையாடிய பதிவு வெளியீட்டுக்கு முன் யாரிடமும் இருக்கவில்லை. ஆகவே டிரெய்லரை நம்பி வாங்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் தடுமாறித் தடுமாறி விளையாடும் நீண்ட வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

இனி முடியுமா என்ற கேள்வி. எர்லி ஆக்சஸை ஸ்டீம் 2013-இல் தொடங்கியது. சில குழுக்களால் கேமை முடிக்க முடியாமல் போகலாம் என்பதையும், இப்போதைய நிலையில் பிடிக்கவில்லையென்றால் காத்திருங்கள் என்பதையும் ஸ்டீமே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அதாவது முடிப்போம் என்ற உத்தரவாதம் விலையில் அடங்காது. இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். கடைப் பக்கத்தில் “சுமார் ஓராண்டு ஆகும்” என்று உருவாக்குநர் எழுதியிருந்தால் அதை ஒரு விருப்பமாக மட்டும் படியுங்கள். டே-இசட் தனி கேமாக 2013 டிசம்பரில் எர்லி ஆக்சஸுக்கு வந்து, 2018 டிசம்பரில்தான் முழு வெளியீட்டைக் கண்டது. இடையில் அதைத் தொடங்கிய டீன் ஹாலே விலகிவிட்டார். ‘தி ஃபாரஸ்ட்’ முடிய ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பிடித்தன. ‘செவன் டேஸ் டு டை’ 2013 டிசம்பரில் வந்தது, முழு வெளியீட்டைக் குறிக்கும் 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2024 ஜூலையில். இவை மூன்றுமே நன்றாக விற்ற கேம்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? பெரும்பாலும் பேராசையோ சோம்பலோ காரணமில்லை. லட்சக்கணக்கானோர் தினமும் விளையாடிக்கொண்டிருக்கும் கேமை மாற்றுவது, யாரும் தொடாத கேமை மாற்றுவதைவிடப் பல மடங்கு கடினம். ‘வால்ஹைம்’ 2021 பிப்ரவரியில் வந்தபோது அதை உருவாக்கியவர்கள் ஐந்து பேர். ஒன்றரை மாதத்துக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றன. அந்த ஆண்டே நான்கு பெரிய அப்டேட்கள் வரும் என்று திட்டம் வெளியிட்டிருந்தார்கள். திடீரென்று குவிந்த கூட்டத்தின் பிழைப் புகார்களைச் சரிசெய்வதிலேயே காலம் போனது. 2021-இல் வந்தது ஒரே ஒரு பெரிய அப்டேட். மற்றொரு பெரிய அப்டேட்டான ‘மிஸ்ட்லேண்ட்ஸ்’ 2022 டிசம்பரில் வந்தது. மிஸ்ட்லேண்ட்ஸின் புதிய பொருட்கள், விளையாடுபவர் இதுவரை கால் வைக்காத நிலப்பகுதிகளில் மட்டுமே தோன்றும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே நடந்து பார்த்த நிலத்தைக் கேம் தன் நினைவில் எழுதி வைத்துவிட்டது. அதைத் திருத்தப் போனால் அங்கே கட்டிய வீடுகள் சிதையும். சர்வைவல் கேம்களில் “பழைய உலகத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்” என்று அடிக்கடி சொல்வதற்குக் காரணமும் இதுதான். எர்லி ஆக்சஸில் வாங்கினால், மாதக்கணக்கில் கட்டிய கோட்டை ஒரு நாள் காணாமல் போகலாம் என்பதை நால்வரும் முன்பே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். பணத்தைவிட இந்த இழப்புதான் பல நட்புக் குழுக்களை விளையாட்டிலிருந்தே விலக வைக்கிறது.

எதை வைத்து ஒரு குழுவை நம்புவது? நூறு சதவீதம் தவறாத அறிகுறி எதுவும் இல்லை. ‘ஆர்க்’ என்ற டைனோசர் சர்வைவல் கேம் எர்லி ஆக்சஸில் இருக்கும்போதே, 2016-இல், கட்டணக் கூடுதல் பகுதி ஒன்றை விற்றது. வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள், அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அடுத்த ஆண்டே ஆர்க் முழு வெளியீட்டை எட்டியது. பால்வேர்ல்டை உருவாக்கிய பாக்கெட்பேர், தன் முந்தைய கேமான ‘கிராஃப்டோபியா’ இன்னும் எர்லி ஆக்சஸில் இருக்கும்போதே புதியதை இறக்கியது. இதை வைத்து இரண்டையும் கைவிடுவார்கள் என்று கணித்தவர்கள் நிறைய; பால்வேர்ல்டுக்கு அப்டேட்கள் வந்துகொண்டுதான் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் ‘தி ஸ்டாம்பிங் லேண்ட்’ என்ற இன்னொரு டைனோசர் கேம். 2013-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது, 2014-இல் எர்லி ஆக்சஸுக்கு வந்தது, பிறகு உருவாக்குநர் பேச்சு மூச்சில்லாமல் போனார், கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கும் உற்சாகமான ரசிகர்கள் இருந்தார்கள். ஒரு நிறுவனத்தின் கையில் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்பது வெளியில் இருக்கும் எனக்கோ உங்களுக்கோ தெரியப் போவதில்லை.

இருந்தாலும் மற்றவற்றைவிட நான் அதிகம் நம்பும் ஒரு தடயம் உண்டு. அறிவிப்புகளை ஒரு பக்கமும், கேம் கோப்புகள் உண்மையில் எப்போது மாறின என்பதை இன்னொரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஸ்டீம்டிபி தளத்தில் கோப்பு மாற்றங்களின் வரலாறு தேதியோடு கிடைக்கிறது. மாதந்தோறும் வண்ண ஓவியங்களோடு “வரப்போகிறது” என்று பதிவு போடும் குழு, ஆனால் கேம் அரை ஆண்டாகத் தொடப்படவில்லை என்றால் நான் விலகிவிடுவேன். மாறாக, படம் எதுவும் இல்லாமல் “மழையில் அடுப்பு அணைந்த பிறகு உள்ளே இருந்த இறைச்சி மறைந்துபோவது சரிசெய்யப்பட்டது” என்பது போன்ற வறண்ட வரிகள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று பொருள். நிலையான பதிப்பைத் தொடாமல், சோதனைப் பதிப்பைத் தனிக் கிளையில், அதாவது விரும்புபவர் மட்டும் தேர்ந்தெடுக்கும் தனிப் பதிப்பாக, விடுகிறார்களா என்றும் பாருங்கள். ‘புராஜெக்ட் ஸோம்பாய்டு’ 2013-இலிருந்து எர்லி ஆக்சஸில்தான் இருக்கிறது. 2024 டிசம்பரில் 42-ஆவது பதிப்பை அப்படித் தனிக் கிளையில்தான் விட்டார்கள். விரும்பியவர்கள் 41-லேயே நிம்மதியாக விளையாடினார்கள். முடியாத கேமையும் ஒழுக்கத்தோடு நடத்தலாம் என்பதற்கு அதைத்தான் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 2025-லிருந்து, நீண்ட காலம் அப்டேட் இல்லாத எர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில், கடைசி அப்டேட் வந்து இத்தனை மாதமாகிறது என்று ஸ்டீமே ஒரு குறிப்பைக் காட்டுகிறது. அதைப் பார்த்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் உறுதியான ஆயுதத்துக்கு வருகிறேன். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எர்லி ஆக்சஸ் கேம்களுக்கும் இந்த விதி உண்டு, அதில் விளையாடும் நேரமும் கணக்கில் சேரும். பலரும் அந்த 2 மணி நேரத்தைக் கதாபாத்திரத்தின் தலைமுடியைத் தேர்ந்தெடுப்பதிலும் மலையேறி வேடிக்கை பார்ப்பதிலும் கழித்துவிடுகிறார்கள். நால்வரில் இரண்டு பேர் மட்டும் முதலில் வாங்குங்கள். உலகத்துக்குள் போனதும் ஆற்றோரமாக ஒரு சின்னக் குடிசை கட்டுங்கள். நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு பெட்டி போதும். பெட்டிக்குள் எண்ணிப் பத்து மரத்துண்டும் ஒரு கோடரியும் வையுங்கள். வாசலில் ஒரு பழத்தைத் தரையில் போடுங்கள். கேம் அனுமதித்தால் பக்கத்தில் ஒரு குழி தோண்டுங்கள். பிறகு இருவரும் குடிசை கண்ணுக்கு மறையும் தூரத்துக்கும் அப்பால், நன்றாகத் தள்ளி நடந்துபோய்த் திரும்பி வாருங்கள். நீங்கள் தூரம் போனதும் கேம் அந்த இடத்தை நினைவிலிருந்து இறக்கிவிடும், திரும்பி வரும்போது மறுபடி ஏற்றும். பெட்டியில் பத்து மரத்துண்டு இருக்கிறதா? கதவு திறந்து வைத்தபடியே இருக்கிறதா? குழி நிரம்பிவிட்டதா? அடுத்து, இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒரே கோடரியை ஒரே கணத்தில் எடுங்கள். கோடரி இரண்டாகிவிட்டாலோ இருவர் கையிலும் இல்லாமல் போனாலோ, யார் சொல்வது உண்மை என்பதை சர்வர் சரியாகத் தீர்மானிக்கவில்லை என்று அர்த்தம். கடைசியாக ஒருவர் மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கேமைச் சட்டென்று மூடிவிட்டு மறுபடி நுழையுங்கள்.

முக்கால் மணி நேரத்தில் இதெல்லாம் முடிந்துவிடும். ஜாம்பி சுவருக்குள் சிக்கி நிற்பது, கை தோளிலிருந்து விலகித் தெரிவது, ஒலி தாமதமாக வருவது போன்ற பிழைகள் கண்ணை உறுத்தும். ஆனால் அவை எளிதில் சரியாகக்கூடியவை, அவற்றுக்காகப் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம். பெட்டி காலியாவதும் கோடரி இரட்டிப்பதும் அப்படி அல்ல. அவை அடித்தளத்தில் இருக்கும் கோளாறுகள். பின்னால் சரிசெய்ய வேண்டுமென்றால் பெரும்பகுதியைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும். சிறு குழுக்கள் அந்த இடத்தில்தான் மூச்சு வாங்கி நின்றுவிடுவதை என் வேலையில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நடந்தால் தற்செயலாக இருக்கலாம். திரும்பச் செய்து பார்த்தும் நடந்தால் அன்றே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

இதற்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நான்கு நண்பர்கள் என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு அது மிக முக்கியம். சர்வர் யாருடையது? வால்ஹைம், செவன் டேஸ் டு டை, புராஜெக்ட் ஸோம்பாய்டு ஆகியவற்றை உங்களில் ஒருவருடைய கணினியிலேயே நடத்தலாம். உருவாக்குநர் நாளை கடையைச் சாத்தினாலும் நீங்கள் வாங்கியது உங்களிடம் இருக்கும், அடுத்த மாதமும் குடிசை கட்டலாம். நிறுவனத்தின் சர்வரில் மட்டுமே ஓடும் கேமுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எச்1இசட்1-இன் சர்வைவல் பாதி ‘ஜஸ்ட் சர்வைவ்’ என்ற பெயரில் பிரிந்து, எர்லி ஆக்சஸைத் தாண்டாமலே 2018 அக்டோபரில் சர்வரோடு சேர்ந்து மறைந்தது. ஆகவே நகலாக இருந்தாலும், பாதி முடிந்ததாக இருந்தாலும், சொந்தமாக நடத்தக்கூடிய கேம் என்றால் நான் துணிந்து வாங்குவேன். நிறுவன சர்வரை மட்டுமே நம்பிய, சிறு குழுவின், எர்லி ஆக்சஸ் கேமை நான் வாங்குவதில்லை, உங்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது எவ்வளவு புதுமையாக இருந்தாலும் சரி.

விலை பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை. முழு வெளியீட்டில் விலை ஏறும் என்று சொல்லி அவசரப்படுத்துவார்கள். ஏறுவதும் உண்மைதான்; ஆர்க் வெளியீட்டுக்குச் சற்று முன் 30 டாலரிலிருந்து 60 டாலருக்குப் போனது. ஆனால் பழைய கேம்கள் பண்டிகைத் தள்ளுபடியில் இறங்கி வருவதும் அதே அளவு வழக்கம். நாளை ஏறப்போகும் விலைக்காக இன்று பிடிக்காத ஒன்றை வாங்காதீர்கள். இன்றைக்கு இருக்கும் அளவே நால்வருக்கும் ஒரு மாத வார இறுதிகளுக்குப் போதும் என்று தோன்றினால் வாங்குங்கள். அப்படித் தோன்றவில்லையென்றால் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு, அதற்குள் ‘சப்நாட்டிகா’வைத் தனித்தனியாகவோ, முடிந்துவிட்ட ‘தி ஃபாரஸ்ட்’டை நால்வரும் சேர்ந்தோ விளையாடுங்கள். கேமின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதினால் அதன் கோப்பு வரலாற்றையும் சர்வர் அமைப்பையும் பார்த்துவிட்டு இங்கேயே பதில் போடுகிறேன்.